கட்டி சார்க்கும் ஒரு புட்டுக்குழாயும்

கோட்டாறு, வடசேரி, தோவாளை, குளச்சல் உறவுகளுக்கும், லண்டனில் இருக்கும் மகளுக்கும்,

கப்பல் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் கடைசிக் கயிற்றின் நுனியைக் கத்தரித்து, ஊசி முனையால் ஒரு சொட்டுப் பசை வைத்தேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "காப்பி ஆறுது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஐந்தரை வருட வேலை அப்படித்தான் முடிந்தது.

"சாரு முன்னறையில என்னதான் கட்டுறாரு?" என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது கட்டி சார்க். ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்ற ஊரில் 1869 நவம்பர் 22-ஆம் தேதி நீரில் இறக்கப்பட்ட தேயிலைக் கப்பல். சீனத்துத் தேயிலையை மற்றவர்களுக்கு முன்னால் லண்டனில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே ஒல்லியாகக் கட்டினார்கள். பாவம், அதற்கு ஐந்து நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்குவழி கிடைத்துவிட்டது. பாய்க்கப்பல்களின் காலம் முடியப்போகிற நேரத்தில் பிறந்த கப்பல் அது. பணி ஓய்வு பெற்ற மாதத்தில் இந்த வேலையை ஆரம்பித்தவன் நான். அதனால் அதன்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

என் மாடல் அதில் 84-இல் ஒரு பங்கு. அசல் கப்பலின் நடுப் பாய்மரம் 152 அடி. என் மேசையில் அது ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் உயரம். இந்தக் கணக்கில் ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான் இருப்பார்.

பெட்டியை வாங்கி அனுப்பியது மகள். அப்பா சும்மா இருந்தால் வீட்டில் சண்டை வரும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் மெல்லிய பலகைக் கீற்றுகள், நூல்கண்டு, புரியாத வரைபடம் எல்லாம் இருந்தன. கயிறுகளைச் சுற்றிக் கட்டும் சின்னப் பித்தளை முளைகள் இருந்த பொட்டலத்தை மட்டும் காணோம். விற்றவர்களுக்கு மூன்று தடவை எழுதினேன். பதிலே இல்லை. சரி, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

முதல் நன்றி எங்கள் தெரு மர ஆசாரி அண்ணனுக்கு. அவருக்கு நான் கடன்பட்டது பாராட்டுக்காக இல்லை, திட்டுக்காக. கப்பலின் விலா எலும்புகளை நிறுத்திவிட்டு ஒரு பக்கத்துப் பலகைகளை மட்டும் மடமடவென்று ஒட்டிக்கொண்டே போனேன். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டுத் தூக்கிப் பார்த்தால், நேராக இருக்க வேண்டிய அடிக்கட்டை வாழைக்காய் மாதிரி வளைந்திருக்கிறது. ஆசாரி அண்ணன் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "கூரைக்குக் கழிக்கோல் அடிக்கும்போ ஒரு பக்கமாவே அடிச்சிட்டுப் போவானா யாராவது? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுல்லா போகணும்" என்றார். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துப் பசையை இளக்கி, பலகைகளை ஒவ்வொன்றாக அவரே உரித்தெடுத்தார். எட்டு மாத வேலை இரண்டு நாளில் உரிந்து வந்தது. எனக்கு அழுகை வந்தது, அவருக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாம் தடவை ஒட்டும்போது முன்பக்க வளைவு தகராறு செய்தது. அணியத்தில் பலகை கூர்மையாகத் திரும்ப வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து வளைத்தால் பாதி உடைகிறது. இங்கேதான் என் அத்தை வருகிறார். வயது எண்பத்தொன்று. அவர் கல்யாணத்துக்கு வந்த மூங்கில் புட்டுக்குழாய் இன்னமும் வீட்டில் இருந்தது. ஒரு நாள் காலை புட்டு இறக்கிய கையோடு, "அந்தக் கம்பை இதுல வச்சுப் பாரேன்" என்றார். குடத்தில் தண்ணீர் கொதிக்க, குழாய்க்குள் பலகைக் கீற்றுகளின் நுனியை மட்டும் செருகி, வாயைத் துணியால் அடைத்தேன். புட்டு வேகிற நேரம்தான். எடுத்தால் பனையோலை மாதிரி வளைகிறது. ஆறிய பிறகும் அதே வளைவில் நிற்கிறது. அப்புறம் ஒன்றுகூட உடையவில்லை. அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டுப் புட்டில் லேசாக மரவாசம் அடித்தது. அத்தை அதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. இப்போது அவருக்குப் புதுக் குழாய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பழையதுதான் வேண்டும் என்கிறார்.

வடசேரி நகை ஆசாரி தம்பிக்கு என்ன சொல்ல? கோயில் நகை செய்கிற கை அது. அசல் கப்பலின் அடிப்பக்கத்தில் கடல் பூச்சி அரிக்காமல் இருக்க மன்ட்ஸ் என்ற உலோகத் தகடு அடித்திருந்தார்கள். ஏறக்குறைய செம்பு 60 பங்கு, துத்தநாகம் 40 பங்கு. 1832-இல் பர்மிங்காம்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கிய கலவை. பெட்டியில் இருந்ததோ சிவப்புச் செம்புத் தகடு. இந்தக் கணக்கைத் தம்பியிடம் சொன்னதும், "பித்தளைன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு செம்பை ஒட்டணும்?" என்றார். தாள் கனத்தில் பித்தளைத் தகடு வாங்கி, பதினைந்து மில்லிமீட்டர் நீளமும் நாலு மில்லிமீட்டர் அகலமுமாக ஒரே அளவில் நறுக்க ஓர் அச்சு செய்து கொடுத்தார். இரண்டாயிரத்துக்கு மேல் நறுக்கினேன். காணாமல் போன முளைகளையும், கம்பி இழுக்கிற துளைத்தகட்டில் பித்தளைக் கம்பியை இழுத்து அவரே செய்துவிட்டார்.

கப்பலின் முகப்பில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பெண் உருவம் இருக்கிறதே, அவள் பெயர் நேனி. ராபர்ட் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரின் பாட்டில் வருகிற சூனியக்காரி. குட்டைச் சட்டை போட்டு ஆடுகிறவள். அந்தச் சட்டைக்குத்தான் கட்டி சார்க் என்று பெயர். தப்பித்து ஓடுகிற குடியானவனின் குதிரையை எட்டிப் பிடிக்கப் போய், வால் மட்டும் அவள் கையோடு வந்துவிடுகிறது. என் பொம்மைக்கு அந்த நீட்டிய கையே ஒடிந்திருந்தது. நகை ஆசாரித் தம்பி வெள்ளியில் புதுக் கை வைத்தார். வாலுக்குச் சணல் கயிற்றைப் பிரித்துக் கட்டினோம். நேனியின் கையில் அம்மன் கையில் இருப்பது போல ஒரு வளையல் இருப்பதை யாரும் கவனித்தால், அது தம்பியின் சொந்தச் சேர்க்கை. நான் எடுக்கச் சொல்லவில்லை.

2021 நவம்பர் மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஈரம் வந்தது. மேல்தளப் பலகைகள் ஒவ்வொன்றாக எழும்பி நின்றன. துணியைப் போட்டு மூடிவிட்டேன். பதினோரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த நாட்களில் ஒரு வார்த்தையும் கேட்காமல் வாராவாரம் துணியைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. திரும்ப உட்கார வைத்தது மகள் அனுப்பிய படங்கள். அசல் கப்பல் லண்டன் கிரீனிச்சில் தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. அடியில் நடந்து போகலாம். அவள் கீழே நின்று அண்ணாந்து எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற வரிசை தெளிவாகத் தெரிந்தது. என் வரிசை தலைகீழ். மறுநாளே துணியை எடுத்துவிட்டேன்.

2007 மே மாதம் அந்தக் கப்பல் தீப்பிடித்த செய்தியையும் மகள்தான் சொன்னாள். வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் அணைக்காமல் விட்ட ஒரு வேக்கம் கிளீனர் காரணமாக இருந்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. மரங்களில் பெரும்பகுதி சீரமைப்புக்காக ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்ததால் கப்பல் பிழைத்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவி இரவு படுக்கப் போகும்முன் முன்னறைக்கு வந்து பற்றவைப்புக் கோலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போவாள். நான் வேலை செய்துகொண்டிருந்தாலும் சரி.

அப்புறம் கயிறு. அசல் கப்பலில் இருப்பது பதினோரு மைல், சுமார் பதினெட்டு கிலோமீட்டர். இங்கிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் கறுப்பாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய கறுப்பு நூல் பிளாஸ்டிக் மாதிரி மினுங்கியது. கைத்தறிச் சாயப் பட்டறையில் வேலை பார்த்த பெரியவரிடம் போனேன். "கடுக்காயும் துருவும் இருந்தா போதும்" என்றார். கடுக்காய்த் தோலை இடித்து ஊறவைத்த தண்ணீரில் பருத்தி நூலை முக்கி, துரு ஆணிகள் ஊறிய வினிகரில் அடுத்து முக்கினால், கண் முன்னாலேயே கறுத்துக்கொண்டு வருகிறது. "நல்லா அலசணும், இல்லேன்னா இரும்பு நூலைத் தின்னுரும்" என்று மூன்று தடவை சொன்னார். நாலு தடவை அலசினேன்.

வீட்டுக்கு வந்து கப்பலின் சரித்திரத்தைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. 1882–83 பயணத்தில் இந்தக் கட்டி சார்க் சென்னைக்கும் பிம்லிப்பட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் வந்திருக்கிறது. வெல்லமும் எருமைக் கொம்பும், கூடவே மூட்டை மூட்டையாகக் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு லண்டன் போயிருக்கிறது. அன்று ராத்திரியே பெரியவருக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில், "அப்போ சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்று வைத்துவிட்டார். நூலுக்குத் தேன்மெழுகு கொடுத்த மார்த்தாண்டம் தேனீக்காரருக்கும் இந்த இடத்தில் நன்றி.

கடைசியாகவும் பெரிதாகவும் சொல்ல வேண்டியது தோவாளை அக்காவுக்கு. நாகராஜா கோயில் வாசலில் பூ விற்கிறவர். மாலுமிகள் ஏறுகிற கயிற்றேணிகளுக்குப் படி கட்ட வேண்டும். நிற்கிற ஒவ்வொரு கயிற்றிலும் படிக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு நாளில் எனக்கு இருபது முடிச்சு வரும். அதிலும் நான் இழுத்த இழுப்பில் நிற்கிற கயிறுகள் உள்ளே வாங்கி, ஏணி உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்துப் போனது.

ஒரு நாள் பூ வாங்கப் போன இடத்தில் சட்டைப் பையிலிருந்த நூலைக் காட்டி முடிச்சைப் போட்டுக் காண்பித்தேன். அக்கா கையிலிருந்த பிச்சிப்பூவைக் கீழே வைக்கவே இல்லை. வேறு விரலால் நூலை வாங்கி, கட்டைவிரலில் ஒரு மடி, திருப்பி ஒரு மடி. முடிந்தது. "தண்டு நசுங்கப்படாது, பூவும் கழலப்படாது. அந்த இறுக்கந்தான். நீங்க கழுத்தை நெரிக்கிறீங்க" என்றார். அதன் பிறகு பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மத்தியானம் சந்தை முடிந்து வந்து உட்கார்ந்தார். ஆயிரத்து ஐந்நூறு முடிச்சு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணவில்லை. கூலி கொடுத்தேன், அவரும் எண்ணி வாங்கிக்கொண்டார். ஏணிகள் இப்போது ஸ்கேல் வைத்த மாதிரி நிற்கின்றன. மூன்றாம் பாய்மரத்தின் இடப்பக்கத்தில் மட்டும் ஒரு வரிசை கோணலாக இருக்கும். அக்கா காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அவசரப்பட்டு நானே கட்டியது.

குளச்சல் செராங்கு மாமா, உங்களை மறக்கவில்லை. வந்து பார்த்த முதல் நாளே, "பாய் விரிக்காத கப்பல்ல மேல்பருமல் ஏன் உச்சியில நிக்குது? எறக்கு" என்றீர்கள். ஒன்பது பருமல்களை, அதாவது பாய் கட்டும் குறுக்குமரங்களை, அவிழ்த்து இறக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் உங்களை மனதுக்குள் என்னென்னவோ சொன்னேன். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

சுக்கானை உடைத்த பேரனுக்கும் ஒரு வார்த்தை. 1872-இல் தெர்மோபிலி என்ற கப்பலோடு நடந்த ஓட்டத்தில் இந்தக் கட்டி சார்க்கே நடுக்கடலில் புயலில் சுக்கானை இழந்தது. ஹென்றி ஹென்டர்சன் என்ற தச்சர் கப்பலிலிருந்த மரத்தையும் இரும்பையும் வைத்தே புதிது செய்து மாட்டினார். லண்டன் போய்ச் சேர ஒரு வாரம்தான் பிந்தியது. நம் சுக்கானை ஆசாரி அண்ணன் அரை மணி நேரத்தில் சரி பண்ணிவிட்டார். அதனால் நீ இனிமேல் முன்னறைக்கு வரலாம், பந்து மட்டும் வெளியே இருக்கட்டும்.

கண்ணாடிப் பெட்டி செய்ய அளவெடுத்துப் போயிருக்கிறார்கள், வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் திறந்தபடி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். வெக்கையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் போட்டால் கயிறெல்லாம் ஆடுகிறது.

நன்றியுடன்,
கப்பல் தாத்தா
கோட்டாறு, நாகர்கோவில்