ஆண்டறிக்கை: தாமஸ் பிட்டின் வாழ்க்கையும் நம் ஐந்து கிராமங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முடிந்த ஆண்டில் நம் வட்டார வரலாற்று வாசிப்பு மன்றம் ஒரே ஒருவரின் வாழ்க்கையைத்தான் எடுத்துக்கொண்டது. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட் அவர். திருவொற்றியூர்க்காரர்களுக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்லர். நம் ஊர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது இவர் பொறுப்பில் இருந்தபோதுதான். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். படித்ததில் தேறிய விவரங்களையும், படிக்கும்போது எங்கே தவறு நேர்கிறது என்பதையும் மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிட் பிறந்தது 1653-ல், இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில். தந்தை பிளாண்ட்ஃபோர்டு செயின்ட் மேரி என்ற சிற்றூரின் பாதிரியார். இருபது வயதை ஒட்டி கம்பெனிக் கப்பலில் வங்காளக் கரைக்கு வந்தவர், பாலசோரில் கப்பலை விட்டு இறங்கிச் சொந்தமாக வணிகம் தொடங்கிவிட்டார். அரசப் பட்டயத்தின்படி கிழக்கு வாணிகம் கம்பெனிக்கு மட்டுமே உரியது. அதை மீறியவர்களைக் கம்பெனி ‘ஊடுருவிகள்’ என்று அழைத்தது. திரும்பி வரச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய உத்தரவுகளை பிட் பொருட்படுத்தவில்லை. ஹூக்ளியில் கம்பெனியின் தலைமை அலுவலராக இருந்த மத்தயாஸ் வின்சென்ட்டின் உறவுப் பெண்ணான ஜேன் இன்னஸையே மணந்தார். கம்பெனியை எதிர்த்து வணிகம் செய்தவருக்குக் கம்பெனிக்குள்ளேயே உறவு இருந்தது. இதைக் கவனிக்காமல் படித்தால், இவ்வளவு காலம் அவரால் எப்படித் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பது விளங்காது.

லண்டனில் அவர்மேல் வழக்கு நடந்தது. முதலில் விதித்த அபராதம் 1,000 பவுண்டு. பிறகு அது 400 ஆகக் குறைந்தது. இந்தியாவில் ஈட்டியதைக் கொண்டு வில்ட்ஷயரில் நிலம் வாங்கினார். 1689-ல் சாலிஸ்பரி தொகுதி உறுப்பினராக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1691-ல் ஓல்டு சாரம் என்ற பழைய மேட்டை சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து வாங்கினார். ஓல்டு சாரத்தில் குடியிருப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனாலும் அது இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் தொகுதி. குறிப்பிட்ட சில மனைகளின் உரிமையோடு வாக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. மனைகளை வாங்கியவர் கையில் தொகுதியும் வந்துவிட்டது. 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை இந்த நிலை நீடித்தது. பிட்டின் பேரன் மூத்த வில்லியம் பிட் 1735-ல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது இதே மேட்டின் வழியாகத்தான். அவரும் அவர் மகனும் பின்னாளில் பிரிட்டனின் ஆட்சியையே நடத்தினார்கள். பலரும் பிட்டின் வாழ்க்கையை, அவர் சென்னையில் வாங்கிய பெரிய வைரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் மன்றத்தின் கணிப்பில் அவர் வாங்கியவற்றில் மிக நீண்ட விளைவைத் தந்தது இந்த மேடுதான்.

1693-ல் மீண்டும் ஒருமுறை உரிமமின்றி வங்காளம் போனார். தடுக்க முடியாதவரைக் கூட வைத்துக்கொள்வதே மேல் என்று கம்பெனி முடிவெடுத்தது. 1697-ல் அவரைச் சென்னைக்கு ஆளுநராக நியமித்தது. 1698 ஜூலையில் அவர் கரை இறங்கினார். அதே ஆண்டில் லண்டனில் போட்டியாக இன்னொரு கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. மசூலிப்பட்டினத்தில் அதற்குத் தலைவராக வந்தவர் ஜான் பிட், இவருடைய உறவினர். ஆவணங்களில் வெறுமனே ‘பிட்’ என்று மட்டும் வந்தால், எந்த ஊரிலிருந்து எழுதியது என்று பார்த்த பிறகே யாரென்று முடிவு செய்ய வேண்டும்.

இனி வைரம். கிருஷ்ணா ஆற்றங்கரைச் சுரங்கத்தில் கிடைத்த பெரிய கல்லை ஜம்சந்த் என்ற வைர வணிகர் சென்னைக்குக் கொண்டுவந்தார். பிட் லண்டனுக்கு 1701 நவம்பரில் எழுதிய கடிதத்தில் கல்லின் எடை 303 மாஞ்சலின், அதாவது 426 காரட் என்று இருக்கிறது. மாஞ்சலின் என்பது நம் மஞ்சாடிதான். மஞ்சாடி விதையை வைத்து நிறுத்த எடை. ஐரோப்பியர் வாயில் அது அப்படித் திரிந்தது. பிற்கால நூல்களில் 410 காரட் என்று வருவதும் இதே கல்தான். காரட்டின் எடை அன்று ஊருக்கு ஊர் மாறியதால் அந்த வேறுபாடு வந்திருக்கலாம். இரண்டு கற்கள் இருந்ததாக எண்ணிவிட வேண்டாம். பட்டை தீட்டிய பிறகு 137 காரட் என்றும் 140.64 காரட் என்றும் இரு எண்கள் வருகின்றன. முன்னது பழைய காரட், பின்னது 200 மில்லிகிராம் கொண்ட இன்றைய மெட்ரிக் காரட்.

விலைப் பேரம் 2,00,000 வராகனில் தொடங்கியது. வராகன் என்பது அன்று வழங்கிய பொற்காசு. நாள்பட நாள்பட இறங்கி, 55,000-க்கும் 45,000-க்கும் நடுவே வந்து நின்று, கடைசியில் 48,000 வராகனுக்கு முடிந்தது. பவுண்டுக் கணக்கில் இது 20,400. கணக்கை உறுப்பினர்களே சரிபார்க்கலாம்: ஒரு வராகனுக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ், 48,000 வராகனுக்கு 4,08,000 ஷில்லிங், அதை 20-ஆல் வகுத்தால் 20,400. விலை முடிந்தது 1701-லா 1702-லா என்ற குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது. அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தாள்களில் 1701 என்று இருந்தால், நம் கணக்குக்கு அது 1702. ஆண்டு தவறினால் நிகழ்ச்சிகளின் வரிசையே புரண்டுவிடும். 1702-ன் முற்பகுதியில் முகலாயருக்காகக் கர்நாடகப் பகுதியை ஆண்ட நவாப் தாவூத் கான் தரைவழியை அடைத்துச் சென்னையை ஏறக்குறைய மூன்று மாதம் முற்றுகையிட்டிருந்தார். பணம் கொடுத்த பிறகே முற்றுகை விலகியது.

லண்டனில் பிட்டுக்காகக் காரியம் பார்த்த சர் ஸ்டீபன் எவன்ஸ், கல்லை வாங்க வேண்டாம் என்றே எழுதினார். ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது, இத்தனை விலை கொடுக்கக்கூடிய அரசர் யாரும் இல்லை என்பது அவர் கருத்து. அந்தப் பதில் 1702 ஆகஸ்டில்தான் எழுதப்பட்டது. அதற்கு முன்பே கல் பிட்டின் கைக்கு வந்துவிட்டது. கடிதம் ஒரு கரையிலிருந்து மறுகரை சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் காலம். கேட்டுச் செய்ததா, செய்துவிட்டுக் கேட்டதா என்பதை ஒவ்வொரு கடிதத்திலும் தேதி பார்த்தே சொல்ல வேண்டும். மகன் ராபர்ட் 1702-ல் கல்லை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். பட்டை தீட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது. வைரத்தை அறுக்கவும் தேய்க்கவும் அன்று வைரப்பொடியால் மட்டுமே முடிந்தது, அதனால்தான் இத்தனை காலம். எவன்ஸ் சொன்னது முழுவதும் பிழையுமல்ல. 1717 வரை விற்கவில்லை. அந்த ஆண்டு, சிறுவராக இருந்த பிரெஞ்சு அரசருக்காக ஆட்சி நடத்திய ‘ரீஜென்ட்’ ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ‘ரீஜென்ட்’ என்ற பெயரில் இன்று அது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

சுரங்க அடிமை காலைக் கிழித்துக் கல்லை ஒளித்தான் என்ற கதையை நம் கூட்டக் குறிப்புகளில் சேர்க்கவில்லை. கல் தவறான வழியில் வந்தது என்ற பேச்சுக்குப் பதிலாக பிட் 1710 ஜூலை 29-ல் நார்வேயின் பெர்கனில் எழுதிய வாக்குமூலத்தில் இருப்பது பேரத்தின் படிகள் மட்டுமே. அது அவர் தம் பக்கத்தை நிறுவ எழுதியது என்பதையும் மறக்கக் கூடாது. ஜம்சந்த் தரப்பின் சொல் நமக்கு எட்டவில்லை.

சென்னைக்குள் நடந்தவற்றில் 1707-ன் வலங்கை இடங்கைப் பூசலுக்கு, அதாவது இரு பெரும் சாதி அணிகளின் மோதலுக்கு, நம் மன்றத்தின் மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்ற சண்டை. உள்ளே துணிக் கொள்முதல் ஒப்பந்தம் யாருக்கு என்ற போட்டியும் இருந்தது. வலங்கையார் பெருந்திரளாக ஊரை விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட, கம்பெனியின் வேலை ஸ்தம்பித்தது. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று தீர்வு வந்தது. கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த அன்றைய கருப்பர் நகரத்தை இன்றைய ஜார்ஜ் டவுனோடு ஒன்றாக எண்ணுவது அடிக்கடி நேரும் பிழை. பழைய கருப்பர் நகரம் இருந்த இடத்தில் இப்போது உயர்நீதிமன்ற வளாகம் நிற்கிறது. ஜார்ஜ் டவுனாக வளர்ந்தவை மேற்சொன்ன இரண்டு பேட்டைகள்.

1708-ல் தாவூத் கானிடமிருந்து கம்பெனி பெற்ற ஐந்து கிராமங்கள் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. எழும்பூரும் புரசைவாக்கமும் தண்டையார்பேட்டையும் இந்தப் பட்டியலில் வராது. அவை 1693-லேயே கிடைத்தவை. ஐந்து கிராமங்களும் 1708 முதல் தொடர்ந்து கம்பெனி வசமே இருந்தன என்று எழுதுவதும் சரியல்ல. சில ஆண்டுகளிலேயே நவாப் தரப்பு ஐந்தையும் திரும்பக் கேட்டது. முகலாயப் பேரரசர் ஃபரூக்சியார் 1717-ல் தந்த ஆணைக்குப் பிறகே கம்பெனியின் பிடி உறுதியானது.

1709-ல் பிட் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஊர் திரும்பி மீண்டும் நாடாளுமன்றம், கார்ன்வாலில் போகொனாக் பண்ணை, ஜமைக்காவுக்கு ஆளுநர் பதவி என்று நாள்கள் போயின. ஜமைக்காவுக்கு அவர் போகவே இல்லை. 1726 ஏப்ரலில் பெர்க்ஷயரின் ஸ்வாலோஃபீல்டில் இறந்தார்.

வரும் ஆண்டுக்கான வேலை, பிட்டின் ஆணையில் அளந்து வரைந்த சென்னை நகர வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்ப்பது. தொடங்கும் புள்ளியாகக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தை வைக்க வேண்டும். 1680-ல் கட்டி முடித்த அந்த ஆலயம் இடம் மாறவில்லை. கடற்கரையிலிருந்து அளக்கத் தொடங்கக் கூடாது. அன்று கடல் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. துறைமுகம் வந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து கரை கிழக்கே தள்ளிப் போயிற்று, வடக்கே நம் பக்கத்தில் கடல் அரித்து உள்ளே வந்தது. கோட்டையின் மேற்கே ஓடிய ஆற்றின் போக்கும் பின்னாளில் மாற்றப்பட்டது. ஆகவே ஆலயத்திலிருந்து முதலில் வடக்கே உயர்நீதிமன்றம் வரை அளந்து, அளவுகோல் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பேட்டைகளின் தெருக்களுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்