ஏபியு யூனிட்களில் பிராக்கெட், கேபிள் குறைபாடு: வாரண்டி மறுப்பை எதிர்த்துப் புகார்

அனுப்புநர்
பராமரிப்புப் பிரிவு,
நெடுந்தூர சரக்கு லாரி நிறுவனம்.

பெறுநர்
மேலாளர், வாரண்டி பிரிவு,
டீசல் ஏபியு தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: பெல்ட், ஆல்டர்னேட்டர், கம்ப்ரஸர் பழுதுக்கான வாரண்டி கோரிக்கைகளை நிராகரித்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் ஸ்லீப்பர் லாரிகளில் பொருத்தியிருக்கும் உங்கள் இரண்டு சிலிண்டர் டீசல் ஏபியுக்களுக்கான (லாரி இன்ஜின் நின்றிருக்கும்போது கேபினுக்கு ஏசியும் மின்சாரமும் தரும் துணை இன்ஜின்) வாரண்டி கோரிக்கைகளை நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, பெல்ட் தேய்மானப் பொருள், அதை முறையாகக் கவனிக்காததால்தான் ஆல்டர்னேட்டர் போயிற்று என்பது. இன்னொன்று, சில யூனிட்களில் 24 மாதம் முடியாவிட்டாலும் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் 4,000 மணியைத் தாண்டிவிட்டது என்பது. இரண்டையும் ஏற்க முடியாது. பெல்ட்டைத் தின்றது ஆல்டர்னேட்டரைத் தாங்கும் உங்கள் பிராக்கெட். மீட்டரை ஓட்டியது நீங்கள் கொடுத்த கேபிள். இரண்டையும் அளந்தே சொல்கிறோம்.

முதலில் பெல்ட். எல்லா யூனிட்டிலும் தேய்மானம் ஒரே மாதிரி இருக்கிறது. பெல்ட்டில் நீளவாக்கில் ஓடும் வரிகளில் இன்ஜின் பக்கத்து விளிம்பில் இருக்கும் முதல் வரி மட்டும் நைந்து, உள்ளிருக்கும் நூல் வெளியே தொங்குகிறது. மற்ற வரிகள் புதிதுபோல இருக்கின்றன. டென்ஷனரைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கிறது. டென்ஷன் குறைந்த பெல்ட் இப்படித் தேயாது. அது எல்லா வரியிலும் ஒரே சீராக வழுக்கி, அடிப்பக்கம் கண்ணாடிபோலப் பளபளத்துப் போகும். ஒரு விளிம்பு மட்டும் தேய்கிறது என்றால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்றுதான் பொருள்.

மூடியைக் கழற்றி, கிராங்க் புல்லியின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்து ஆல்டர்னேட்டர் புல்லிவரை நீட்டிப் பாருங்கள். எங்கள் யூனிட்களில் 3 முதல் 4 மி.மீ. வரை விலகல் இருக்கிறது. வரிப் பெல்ட்டுக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்பு ஓர் அடி நீளத்துக்கு 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மி.மீ. இந்த இரண்டு புல்லிகளுக்கும் இடைவெளி சுமார் 9 அங்குலம், ஆக 1.2 மி.மீ.க்கு மேல் போகவே கூடாது. உங்கள் டீலரிடம் இன்னும் எந்த வண்டியிலும் ஏறாமல் இருந்த இதே மாடல் யூனிட்டிலும், அவர் பக்கத்தில் நிற்கவே அளந்தோம். அதிலும் 3 மி.மீ. ஒரு மணி நேரம்கூட ஓடாத யூனிட்டில் பராமரிப்புக் குறை எங்கிருந்து வரும்?

விலகல் ஓட ஓடக் கூடுவதற்கும் காரணம் தெரிகிறது. பிராக்கெட்டில் போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருக்கின்றன. நிலை மாறாமல் பிடிக்க டவல் பின் (இடம் பிசகாமல் நிறுத்தும் இரும்பு முளை) எதுவும் இல்லை. ஏசி கம்ப்ரஸரும் அதே தகட்டில்தான் தொங்குகிறது. அதன் கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் தகடு வளைந்து திரும்புவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். போல்ட்டைச் சரியான டார்க்கில் இறுக்கி, தலையிலிருந்து தகடுவரை பெயின்ட் பேனாவால் கோடு போட்டு ஓட்டவிட்டோம். பிறகு பார்த்தால் போல்ட் துளியும் சுழலவில்லை, ஆனால் தகடு நகர்ந்திருக்கிறது: வாஷரின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து, பிறை வடிவில் பளிச்சென்ற இரும்பு தெரிகிறது. படம் இணைத்திருக்கிறோம். அந்தப் பிறையைத் தவறவிட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், பில்தான் ஏறும்.

கோணலாக ஓடும் பெல்ட், ஆல்டர்னேட்டரின் முன்பக்க பேரிங்கைப் பக்கவாட்டில் இழுக்கிறது. பெல்ட் வழுக்குவதால் வரும் சூடும் அங்கேயே இறங்குகிறது. கிரீஸ் வற்றி, பேரிங் ஆட்டம் கண்டு, ரோட்டர் ஸ்டேட்டரில் உரசிப் போன ஆல்டர்னேட்டர்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், அனுப்பிவைக்க மாட்டோம்.

இதில் எங்களை மிகவும் உறுத்துவது வேறொன்று. இப்போது சந்தைக்கு வரும் உங்கள் யூனிட்களில் அதே பாக எண்ணுடன் வரும் பிராக்கெட்டில் முட்டுத் தகடு ஒன்று வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது, துளைகள் வட்டமாகிவிட்டன, டவல் பின்னும் வந்துவிட்டது. குறை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, திருத்தியும் விட்டீர்கள். பழைய யூனிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சர்வீஸ் புல்லட்டினும் இல்லை, மாற்றுப் பாகமும் இல்லை, பராமரிப்பைக் குறை சொல்லும் கடிதம்தான் வருகிறது.

அடுத்தது கேபிள். இதுதான் பெரிய விஷயம்.

பொருத்தும் கிட்டில் நீங்கள் தருவது 6 கேஜ் கேபிள் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்). ஃபிரேமில் யூனிட் உட்காரும் இடத்திலிருந்து பேட்டரிப் பெட்டிவரை எங்கள் வண்டிகளில் 14 அடி. 6 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை ஆயிரம் அடிக்குச் சுமார் 0.4 ஓம். 50 ஆம்பியர் ஓடும்போது பாசிட்டிவ் கம்பியில் மட்டுமே 0.28 வோல்ட் போய்விடும். இது பேப்பரில் போட்ட கணக்கு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஃபியூஸ் ஹோல்டரையும் சேர்த்து பாசிட்டிவ் பக்கம் 0.5 வோல்ட். நெகட்டிவ் பக்கம் 0.4. உங்கள் கையேடு கிரவுண்டை ஃபிரேம் ரெயிலில் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போடச் சொல்கிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்த இணைப்பை அரிப்பது தனிக் கதை. மொத்தத்தில் ஆல்டர்னேட்டர் முனையில் 14.4 இருந்தால் பேட்டரி முனையில் 13.5தான் கிடைக்கிறது. எங்கள் வண்டிகளில் இருக்கும் ஏஜிஎம் (கண்ணாடி இழைப் பாயில் அமிலம் ஊறிய, மூடிய வகை) பேட்டரிக்கு இது போதாது.

மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும், கடைசியில் பேட்டரி நிறைந்துவிடும் என்று உங்கள் பொறியாளர் சொல்லக்கூடும். நேரம் கொடுத்தால் நிறையும். ஆனால் உங்கள் கன்ட்ரோலர் நேரம் கொடுப்பதில்லை. அதன் வோல்டேஜ் பார்க்கும் கம்பி யூனிட்டுக்குள்ளேயே ஆல்டர்னேட்டர் பக்கம் இணைந்திருக்கிறது. அது 14.4ஐப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எண்ணி, டைமர் முடிந்ததும் இன்ஜினை நிறுத்திவிடுகிறது. அரைகுறையாக ஏறிய பேட்டரி சீக்கிரமே 12.2 வோல்ட்டுக்கு இறங்குகிறது. உடனே யூனிட் தானாகத் திரும்பவும் ஸ்டார்ட் ஆகிறது. கேபினில் ஆளே இல்லாமல் யார்டில் நிற்கும் வண்டியிலும் இதே கதைதான்.

உங்கள் கன்ட்ரோலரே ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் காரணக் குறியீட்டைப் பதிவு செய்கிறது. இறக்கிப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்டவை ‘பேட்டரி குறைவு’ ஸ்டார்ட்கள். ஓட்டுநர்களின் மின்னணுப் பதிவேட்டில் உள்ள ஓய்வு நேரத்தோடு ஒப்பிட்டால் ஏபியு மீட்டர் எங்கோ முன்னால் போய் நிற்கிறது. வாரண்டியை முடித்துவைத்த அந்த 4,000 மணியில் பெரும்பகுதி இப்படி ஏறியதுதான். உங்கள் குறை ஓட்டிய மணிகளை எங்கள் கணக்கில் எழுதி, அதையே காட்டி வாரண்டி இல்லை என்கிறீர்கள். ஆயிலும் ஃபில்டரும்கூட அந்த மீட்டரைப் பார்த்துத்தான் மாற்றினோம். அந்தச் செலவையும் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. பராமரிப்பு இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆயில் ஆய்வறிக்கைகளே பதில்: சிலிக்கான் அளவு இயல்பாக இருக்கிறது, டீசல் கலப்பு இல்லை. ஏர் ஃபில்டரைக் கவனிக்காத இன்ஜினின் ஆயில் இப்படி இருக்காது.

அந்த ஃபியூஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை வாரண்டியோடு சேர்க்காமல் தனியாக, உடனடியாகப் பாருங்கள். கையேட்டின் வரைபடம் ஃபியூஸை யூனிட் பக்கம் வைக்கச் சொல்கிறது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவது பேட்டரி, ஆல்டர்னேட்டர் அல்ல. ஃபிரேம் ஓரமாகப் போகும் அந்த 14 அடிக் கேபிள் எங்காவது உரசி உறை கிழிந்தால், நடுவில் தடுக்க எதுவும் இல்லை. ஓட்டுநர் தூங்கும் கேபினுக்குக் கீழே தீப்பிடிக்க இது போதும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து சில அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் வண்டிகளில் மாற்றிவிட்டோம். மற்றவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாரண்டி முடிந்ததாக நீங்கள் சொன்ன ஒரு யூனிட்டில் எல்லாவற்றையும் சரிசெய்து பார்த்தோம். பிராக்கெட்டுக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய இடைத் தகடு) வைத்து விலகலை 1 மி.மீ.க்குள் கொண்டுவந்தோம். 2 கேஜ் கேபிள் இரண்டு போட்டு, கிரவுண்டை ஃபிரேமுக்குக் கொடுக்காமல் நேராக பேட்டரி நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோனோம். கேபிள் முனை லக்குகளை கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினோம். வோல்டேஜ் இழப்பு 0.9லிருந்து 0.3க்கு இறங்கியது. ஆளில்லாத நேரத்தில் தானாக ஸ்டார்ட் ஆவது நின்றது. பெல்ட் இப்போது எல்லா வரியிலும் ஒன்றுபோலத் தேய்கிறது. பேட்டரியை மாற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘பேட்டரி பழசு’ என்ற பதில் இனி வேண்டாம்.

ஏபியு நின்றுபோனால் நஷ்டம் ஏசி இல்லாத ஒரு இரவோடு முடிவதில்லை. லாரியின் பெரிய இன்ஜினை ஐடிலில், அதாவது வண்டி நிற்க ஓடவிட்டால் மணிக்குச் சுமார் 0.8 கேலன் டீசல். 10 மணி நேரக் கட்டாய ஓய்வுக்கு 8 கேலன். ஏபியு இதில் மூன்றில் ஒரு பங்குகூடக் குடிக்காது. ஐடிலில் நிற்கும் இன்ஜினின் டிபிஎஃப்பில் (புகைக்கரியைப் பிடிக்கும் டீசல் வடிகட்டி) புகைக்கரி சேர்வது வேறு. கலிஃபோர்னியாவில் 5 நிமிட ஐடிலிங் வரம்பு இருக்கிறது. எடை விஷயமும் உண்டு: ஏபியுவுக்காக அமெரிக்க மத்திய சட்டம் அனுமதிக்கும் 550 பவுண்டு வரையிலான கூடுதல் எடைச் சலுகை, யூனிட் வேலை செய்யும் நிலையில் இருந்தால்தான் செல்லும். பழுதான யூனிட்டைச் சுமந்துகொண்டு எடை நிலையத்தில் நின்றால் அது வெறும் இரும்பு.

எங்கள் கோரிக்கை இதுதான். எல்லாப் பழைய யூனிட்களுக்கும் திருத்திய பிராக்கெட்டும் 2 கேஜ் கேபிள் கிட்டும் உங்கள் செலவில், கூலியும் சேர்த்து வேண்டும். போன ஆல்டர்னேட்டர், கம்ப்ரஸர், பெல்ட்களுக்கு நாங்கள் கட்டிய பில் தொகை திரும்ப வேண்டும். வாரண்டி மணிக்கணக்கை மீட்டரிலிருந்து எடுக்காமல், ‘பேட்டரி குறைவு’ ஓட்டங்களைக் கழித்து எண்ண வேண்டும். லாக் கோப்புகள் உங்களுக்கே படிக்கத் தெரியும். கையேட்டில் முதல் 50 மணியில் பெல்ட்டையும் புல்லி நேரையும் பார்க்கும் வேலையைச் சேருங்கள். இப்போது 500 மணிவரை அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு 2-607(3) பிரிவு கேட்கும் குறைபாட்டு அறிவிப்பாக இக்கடிதத்தை எடுத்துக்கொள்ளவும். பழைய பிராக்கெட்டிலேயே புதிய பெல்ட் மாட்டித் தருவதை இனிப் பழுதுநீக்கமாக ஏற்க மாட்டோம். பழுதுநீக்கம் மட்டுமே தீர்வு என்று உங்கள் வாரண்டி வரையறுப்பதும், அந்தத் தீர்வே பயனற்றுப் போனால் 2-719(2)இன்படி உங்களைக் காக்காது. 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். யூனிட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதானால் ஒரு நேர்ப்பட்டையும் மல்டிமீட்டரும் கொண்டுவரச் சொல்லுங்கள். யார்டில் வண்டி நிறுத்தி, மூடி கழற்றித் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: புல்லி அளவுப் படங்கள், பிராக்கெட் பழையதும் புதியதும், வோல்டேஜ் அளவுகள், கன்ட்ரோலர் லாக், ஆயில் ஆய்வறிக்கைகள், பில் நகல்கள்.