டி.சி.யில் எழுத இடமில்லாத விஷயங்கள்: ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: மதுரை மாவட்டத்து நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பதினோரு வருடம் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. ஊரில் இன்றைக்கும் 'அஞ்சாப்பு டீச்சர்' வீடு எது என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். ஒவ்வொரு கோடையிலும் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகள் எங்களிடம் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு உங்களிடம் வருவார்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

டி.சி.யில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், அங்க அடையாளம். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது கன்னத்தில் ஒரு தழும்பு என்று பிள்ளையை எதிரே நிறுத்திப் பார்த்து எழுதியிருக்கிறோம். இப்போது பள்ளிக் கல்வித் துறையின் இ.எம்.ஐ.எஸ். இணையதளத்திலிருந்தே அச்சாகி வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்குமா, கடன் வாங்கிக் கழிக்குமா, கடைசி வரிசையிலிருந்து கரும்பலகை தெரியுமா என்றெல்லாம் எழுத அதில் இடம் இல்லை. வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் தெரிந்துகொண்டதெல்லாம் எங்கள் பள்ளி வாசலோடு நின்றுபோகிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு முற்பகல், உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் தொடக்கப்பள்ளிக்கு வரட்டும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், பெற்றோர், பிள்ளைகள் எல்லோரோடும் உட்கார்ந்து பேசட்டும். அடுத்த ஏழு வருடப் படிப்பை எந்தப் பள்ளியில், தமிழ் வழியிலா ஆங்கில வழியிலா தொடங்குவது, பிள்ளை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அங்கே தெளிவாகட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு பையன் காரணம். ஏழெட்டு வருடம் முன்பு என்னிடம் படித்தவன். மனக்கணக்கில் கெட்டிக்காரன். பின்னத்தில் பகுதி, தொகுதி என்று நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். ஜூன் மாதம் அவன் அம்மா பெரிய பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று சேர்த்துவிட்டு வந்தார். மேசையில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?"

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "இங்கிலீஷ்னு சொல்லிட்டேன் டீச்சர், சரிதானே?" என்று கேட்டார். நூறு நாள் வேலைக்குப் போகிற தாய், தன் பிள்ளை இங்கிலீஷில் படிக்கட்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு? எனக்கு மனசு உறுத்தியது. அவனுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டி வாசிக்கவே அப்போதுதான் வந்திருந்தது. இருந்தாலும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம், பள்ளி நேரத்தில் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். "பள்ளிக்கூடம் போகலையாடா?" என்றேன். "கணக்கு சார் சொல்றது விளங்கல டீச்சர்" என்றான். நியூமரேட்டர், டினாமினேட்டர் என்று கேட்டதும், தனக்குத் தெரிந்த அதே தொகுதியும் பகுதியும்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிட்டான். அரையாண்டுக்குப் பிறகு நானே போய்ப் பேசி அவனைத் தமிழ் வழிப் பிரிவுக்கு மாற்றினோம். அந்தத் தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். எங்கே வந்து, எப்போது, யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஆங்கில வழியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் படித்துவிட்டு அதில் சேர்ந்து நன்றாக வந்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது இரண்டு நிமிடத்தில் எடுக்கிற முடிவாக அது இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறாம் வகுப்புச் சேர்க்கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது எங்கள் ஊர்ப் பெற்றோர் பலருக்குத் தெரியாது. 2020 ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 இல் வந்தது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும்.

எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணை ஆறாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்று வருடம் கட்டணம் கட்டிப் பார்த்தார்கள். முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கே திரும்பினாள். பன்னிரண்டில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தபோதுதான் அந்த மூன்று வருடத்தால் மாதம் 1000 ரூபாய் கிடைக்காது என்று தெரிந்தது. (கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடத்தில் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு விதி வேறு. இவள் கட்டணம் கட்டிப் படித்தவள்.) "அப்பவே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று அவள் அப்பத்தா இன்றைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். அந்த யாராவது ஒருவராக நான் இருந்திருக்க வேண்டும். எனக்கே அந்த விதிகள் முழுசாகத் தெரிந்திருக்கவில்லை.

இனி பாடத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுப்போம். கணக்கு இழுத்தால் தமிழ் நேரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை காலையில் அழுதுகொண்டு வந்தால் மத்தியானத்துக்குள் காரணம் தெரிந்துவிடும். உங்களிடம் மணி அடித்தால் ஆள் மாறுவார். கல்வி உரிமைச் சட்டமே இந்த வித்தியாசத்தை எழுதி வைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை வருடம் 200 நாள், 800 மணி நேரம். ஆறிலிருந்து எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி என்று தனித்தனியாக ஆசிரியர் வேண்டும். அது நல்லதுதான். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையை யார் தயார் செய்வது? ஜூன் முதல் வாரத்தில் எந்த நோட்டை எந்த நாளில் கொண்டு போவது என்று தெரியாமல் எல்லா நோட்டையும் சுமந்துகொண்டு போகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

முதல் பருவப் புத்தகத்தைத் திறந்தால் கணக்கில் இயற்கணிதம் அறிமுகமாகிறது, அப்புறம் விகிதம், விகித சமம். பெருக்கலும் வகுத்தலும் கைக்கு வராத பிள்ளைக்கு விகிதம் எப்படி வரும்? அதே பருவத்து வரலாற்றில் தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்று ஒரு பாடம் உண்டு. பூம்புகார், மதுரை, காஞ்சி. நம் பிள்ளைகள் தங்கள் ஊரைப் புத்தகத்தில் பார்க்கிற இடம் அது. கீழடி இங்கிருந்து கூப்பிடு தூரம், அருங்காட்சியகமும் 2023 இல் திறந்தாகிவிட்டது. தன் ஊர்ப் பெயர் அச்சில் இருக்கிற பக்கத்தையே எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைகளை நான் உங்களிடம் அனுப்பியிருக்கிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது. பிள்ளைகளை ஃபெயிலாக்கி அதே வகுப்பில் நிறுத்தி வைக்காததால்தான் இப்படி என்று சிலர் சொல்லுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையை நிறுத்தினால் அது வாசிக்கக் கற்றுக்கொள்ளாது, பள்ளியை விட்டு நின்றுவிடும். 5, 8 வகுப்புப் பொதுத்தேர்வை 2020 இல் கைவிட்டபோது நாங்கள் பெருமூச்சு விட்டோம்.

வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்ற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 இல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்தது, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் சேர்ந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று எந்தப் பிள்ளை எந்த நிலையில் என்று எங்களிடம் கணக்கு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்க 2025 இல் 'திறன்' திட்டம் வந்தது. மனசார வரவேற்கிறேன். ஆனால் யாருக்கு உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க நீங்கள் திரும்பவும் தேர்வு வைக்கிறீர்கள். எங்களைக் கேட்டால் பள்ளி திறந்த அன்றைக்கே பெயர் பெயராகச் சொல்லுவோம். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் தடுமாற்றம் என்பது வரைக்கும் சொல்லுவோம்.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான், சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அது 1 முதல் 5 வகுப்பு வரைக்கும் என்று வந்த திட்டம். மே மாதம் வரை பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்ட பிள்ளை, ஜூனில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடுகிறது. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆறாம் வகுப்பு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கலாம் என்பது விதி. அந்த இரண்டு கிலோமீட்டர் கூடுதலில் காலைச் சாப்பாடும் போய்விடுகிறது. இரண்டாவது பீரியடில் தூங்கி விழுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். இதை மேலிடத்துக்குக் கொண்டு போக வேண்டியது மேலாண்மைக் குழுப் பெற்றோரின் வேலை. உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் அதிகாரமும் சட்டப்படி உங்களுடையது. காலை உணவையும் நான் கேட்கிற அந்த முற்பகலையும் அதில் எழுதுங்கள்.

வேலைப் பளு எனக்குத் தெரியாததல்ல. ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் பத்துப் பதினைந்து தொடக்கப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். எல்லாவற்றுக்கும் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். எல்லா ஊருக்கும் எல்லோரும் போக வேண்டாம். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தால் ஒரு வாரத்துக்குள் முடியும். பெற்றோரை உங்கள் பள்ளிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும், பாதிப் பேர் வர மாட்டார்கள். எங்கள் பள்ளி என்றால் களை எடுக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டாவது போவார்கள். எட்டாம் வகுப்பு வரை இருக்கிற நடுநிலைப் பள்ளிகளுக்கு இது இன்னும் எளிது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஒரு சுவர்தான் நடுவில்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு இதை ஒரு முறை செய்து பார்த்தோம். பக்கத்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை வந்தார். பிள்ளைக்கு ஒரு தாள் என்று பதினான்கு தாள் எழுதி வைத்திருந்தேன். என்ன வாசிக்க வரும், எந்தக் கணக்கு வராது, எதில் ஆசை, வீட்டில் யாரிடம் பேசலாம், எந்த பஸ் என்று ஒவ்வொன்றிலும் அரைப் பக்கம். ஒரு பெண்ணுக்குக் கண் சரியில்லை என்பதை அதில் எழுதியிருந்தேன். ஜூன் முதல் நாளே அவளை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பையனுக்குத் தாத்தா மட்டும்தான். அந்த ஆசிரியை தாத்தாவிடம் கால அட்டவணையைக் காட்டி, செவ்வாய்க்கிழமை விளையாட்டு, அன்றைக்கு ஒரு நோட்டு குறைவு என்று சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கேட்ட கேள்வி எல்லாம் வேறு மாதிரி இருந்தது. கழிப்பறை எங்கே, பெரிய அண்ணன்கள் அடிப்பார்களா, தூங்கினால் திட்டுவார்களா. அவர் சிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மொத்தம் இரண்டரை மணி நேரம். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூட அந்த வருடம் பள்ளியை விட்டு நிற்கவில்லை.

மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறது, அதனால் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் சரியாக இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிய பிறகு ஒருவரையும் பிடிக்க முடியாது. நான் எழுதிய அந்தத் தாளின் மாதிரி என்னிடம் இருக்கிறது, வேண்டும் என்கிற பள்ளிக்கு நகல் எடுத்துத் தருகிறேன். மேலூர் வட்டாரத்தில் எந்தத் தொடக்கப்பள்ளியில் கூட்டம் என்றாலும் சொல்லி அனுப்புங்கள், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சாப்பு டீச்சர்,
மேலூர்ப் பக்கம், மதுரை மாவட்டம்