'நவஹோ' என்று பெயரிட்டு விரிப்பு விற்போருக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் வணிகர்களுக்கும், அவர்களுக்காக இந்தியாவில் நெய்து ஏற்றுமதி செய்வோருக்கும் வணக்கம்.

படிப்படியாக ஏறி இறங்கும் சாய்சதுரம், நடுவே சிவப்பு, ஓரத்தில் கறுப்புப் பட்டை. இவ்வளவு இருந்தாலே 'நவஹோ விரிப்பு' என்று தலைப்புப் போட்டுவிடுகிறீர்கள். நவஹோ என்பது அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் ஒரு பழங்குடியின் பெயர். வடிவம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்கு நாங்கள் வரவில்லை. அவற்றில் சில, நூறாண்டுக்கு முன் வணிகர்கள் நெசவுப் பெண்களிடம் காட்டிய கீழைநாட்டுக் கம்பளங்களிலிருந்து வந்தவைதாம். எங்கள் பேச்சு பெயரைப் பற்றியது.

நவஹோ தறி செங்குத்தாக நிற்பது. ஒரே பாவு நூலை, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலை, மேல்கட்டைக்கும் கீழ்கட்டைக்கும் இடையே எட்டு வடிவில் அறுக்காமல் சுற்றுவார்கள். பிறகு இரு முனைகளிலும் முறுக்குக் கயிறு கோத்துத் தறியில் கட்டுவார்கள். பாவை எங்கும் வெட்டாததால் விரிப்பின் நான்கு பக்கமும் மூடிய கரை, குஞ்சம் தொங்காது. கரைக்கயிற்றின் மிச்சம் மூலைகளில் சிறு கொத்தாக நிற்கும். நெசவு மேலே ஏற ஏறப் பாவில் இடம் குறையும். கடைசிச் சில அங்குலத்துக்குத் பாவைப் பிரித்துப் பிடிக்கும் தட்டைக் கட்டை நுழையாது. மெல்லிய குச்சியும் நீண்ட ஊசியும் கொண்டு ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். அந்த இடத்தில் நெசவு சற்றுத் தளர்ந்திருந்தால் அதைக் குறை என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் சரக்கைப் புரட்டிப் பாருங்கள். முனையில் பாவு நூல்களை முடிந்து விட்டிருக்கிறதா? அல்லது வெட்டிய நூலை ஊசியால் உள்ளே திருப்பிச் செருகி மறைத்திருக்கிறதா? செருகிய இடம் விரலால் தடவினால் தடிப்பாகத் தெரியும். பருத்திப் பாவும், பக்க ஓரத்தில் இரட்டித்த பாவும் போலியின் மற்ற அடையாளங்கள். ஒரே நிறப் பரப்பில் சாய்வாக ஓடும் மெல்லிய இணைப்புக் கோடு நவஹோ நெசவில் அடிக்கடி காணப்படும். நெய்பவர் நகராமல் கைக்கெட்டிய பகுதியை முதலில் முடிப்பதால் வருவது. ஓரப்பட்டையைக் குறுக்கே கடந்து வெளியேறும் ஒற்றை இழையை மட்டும் நம்பாதீர்கள். அது எல்லா விரிப்பிலும் இராது. போலி செய்பவருக்கும் அதைப் போடத் தெரியும். சாயம் கழல்வதும் சான்றாகாது, பழைய அசல் சிவப்பும் கழலும்.

விதிவிலக்கும் உண்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் (Gallup) நகரப் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்காக நெய்த சிறு விரிப்புகள் பருத்திப் பாவும் ஒரு முனையில் குஞ்சமும் கொண்டவை; அவையும் அசல்தான். ஆகவே ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், யார் எங்கே நெய்தது என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1864-இல் அமெரிக்கப் படை நவஹோ மக்களை நடக்கவைத்தே நியூ மெக்சிகோவிலுள்ள போஸ்க் ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தது. 1868 உடன்படிக்கையோடு ஊர் திரும்பியவர்களுக்கு அரசு தர ஒப்பியது 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும். மந்தை மீண்டும் பெருகியது. 1930-களில் மேய்ச்சல் நிலம் அரிக்கிறது என்று அதே அரசு லட்சக்கணக்கான ஆடுகளைக் குறைத்தது. நீண்ட இழையும் குறைந்த எண்ணெய்ப் பசையும் கொண்ட கம்பளி தரும், நவஹோ மக்கள் வளர்த்த சுர்ரோ இனச் செம்மறி, 1970-களில் ஏறக்குறைய அற்றுப்போன நிலையிலிருந்துதான் மீட்கப்பட்டது. கம்பளி சிக்கெடுத்து, தொடைமேல் கதிர் உருட்டி நூற்று, சாயமேற்றி, மூன்றடிக்கு ஐந்தடி விரிப்பை நெய்து முடிக்கச் சில நூறு மணி நேரம் பிடிக்கும். உங்கள் விலைப்பட்டியல் அந்த உழைப்போடுதான் போட்டியிடுகிறது.

சட்டமும் சும்மா இல்லை. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்பது அமெரிக்காவில் 1990 முதல் கடுங்குற்றம். சரக்கு 1,000 டாலரோ அதற்கு மேலோ மதிப்புடையதானால் தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும், நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

எனவே தலைப்பிலிருந்து 'நவஹோ'வை எடுத்துவிட்டு, 'படிக்கட்டுக் கோலக் கம்பளி விரிப்பு, இந்தியாவில் நெய்தது' என்று போடுங்கள். பாவு பருத்தியா கம்பளியா என்பதையும் அடுத்த வரியில் சேருங்கள். பின்புறத்து நாட்டுப் பெயர்ச் சீட்டை, வாங்குபவர் கைக்குப் போகும் முன் யாரும் பிய்க்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கைத்தறி விரிப்புகளைப் பழுதுபார்ப்போரும் சேகரிப்போரும்