பட்டிமன்றக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய விழாக்குழுப் பெரியவர்களுக்கு,

திருவிழாப் பட்டிமன்றத்துக்கு இந்த ஆண்டு 'ஏழ்மையைப் போக்குவது முதலாளித்துவமா, சோஷலிசமா, கம்யூனிசமா?' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அமெரிக்கா, ரஷ்யா என்று பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். நம் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மா தேக்கு. அங்கிருந்து தொடங்குங்கள்.

என் ஐயா, செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போனவர். நம் செட்டியார்கள் கொடுத்த கடனில் ஐராவதிக் கழிமுகத்துக் காடு வயலானது. உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடானது பர்மா. முதலாளித்துவ அணி இதைப் பெருமையாகச் சொல்லட்டும். அடுத்ததையும் சொல்லட்டும். 1930-இல் நெல் விலை விழுந்தது. கட்ட முடியாதவர்களின் நிலம் அடமானத்தில் மூழ்கியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த வயல் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு, 1938-இல் 25. "நிலம் வேண்டும் என்று யார் கேட்டது, பணம் வரலை" என்பார் ஐயா. உண்மைதான். தன் வயலிலேயே குத்தகைக்கு நின்றவனின் வயிறும் உண்மைதான்.

1962-இல் ராணுவத் தளபதி நெ வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். சோஷலிசம் என்ற பெயரில் வங்கி முதல் கடைவரை அரசுடைமை. போனதைச் சொல்லிச் சொல்லி அப்பத்தா கடைசிவரை அழுதார். எனக்கு வலிப்பது வேறு: எங்களிடம் எடுத்தது அந்தக் குடியானவனை வாழவைக்கவில்லை. அவன் நெல்லை அரசே அடிமாட்டு விலைக்குக் கட்டாயக் கொள்முதல் செய்தது. 1987-இல் அந்த நாடு ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது.

கம்யூனிச அணி சீனாவைச் சொல்லும். 1959–61 பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டதையும், 1978-க்குப் பிறகு வயலைக் குடும்பங்களிடம் விட்டதும் விளைச்சல் பெருகியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு வாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார்; காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. வணிகத்தில் வந்த பணம், அரசின் கை. இதை எந்த அணியில் சேர்ப்பீர்கள்? காமராசரின் மதிய உணவை?

ஒரே ஒரு வேண்டுகோள். பேசுகிற எல்லாரும் பெரிய வீட்டுப் பிள்ளைகளாகவே இருக்கிறோம். இரண்டாம் கட்டுக்கு அப்பால் அடுப்படியில் வெந்தவர்களின் வாரிசு ஒருவருக்கு மேடையில் நாற்காலி போடுங்கள். எங்கள் வீட்டில் சமைத்த அம்மாவின் மகள் சத்துணவு சாப்பிட்டுப் படித்து இன்று ஆசிரியையாக இருக்கிறார். கேட்டுப் பார்த்தேன். வருகிறேன் என்றார்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஒருவன்