ஹரித கர்ம சேனை அறிவிப்புகளைத் தமிழிலும் தரவும், தோட்டத்து பிளாஸ்டிக்கைச் சேகரிக்கவும் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
அயல்கூட்டப் பெண்கள் மற்றும் விவசாயிகள்,
கிழக்கு எல்லைக் கிராமங்கள்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவில் ஸ்டேஷன், பாலக்காடு.

பொருள்: குப்பை பிரிப்பு அறிவிப்புகளைத் தமிழிலும் வழங்குதல், சொட்டு நீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூட விரிக்கும் பிளாஸ்டிக் தாள்), பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றை ஊரிலேயே சேகரித்தல், இரவில் எல்லை தாண்டும் குப்பை லாரிகளைத் தடுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் குடியிருப்பவர்கள் நாங்கள். வீட்டில் பேசுவது தமிழ். ஓட்டும் ரேஷனும் கேரளத்தில். சந்தைக்கும் சொந்தபந்தத்துக்கும் கோயம்புத்தூர், பொள்ளாச்சி. தென்னை, நிலக்கடலை, காய்கறி வைத்துப் பிழைக்கிறோம்.

முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பெண்கள் குழுவான ஹரித கர்ம சேனையின் அக்காமார் வீடு தேடி வரத் தொடங்கும் வரை, எங்கள் ஊர்க் குப்பை வேலியோரத்தில் கிடந்தது. இல்லையென்றால் களத்துமேட்டில் எரிந்தது. இன்று மாதம் 50 ரூபாய் கொடுத்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை அவர்கள் கையில் ஒப்படைக்கிறோம். வெயிலோ மழையோ, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாகவும் வந்து நிற்கிறார்கள். இந்தத் திட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இந்த மனுவை எழுதுகிறோம்.

எங்கள் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். பால் கவரை வெட்டும்போது மூலைத் துண்டு தனியாக விழாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுகிறார்கள். தனியாக விழுந்த துண்டை யாரும் பொறுக்க முடியாது, அது நேராக மண்ணுக்கோ மாட்டின் வயிற்றுக்கோ போகும். வெட்டிய கவரை இரண்டு தண்ணீரில் அலசி, துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். காய்கறித் தோலும் அரிசி கழுவிய நீரும் மாட்டுத் தொட்டிக்கு, மீதி எருக்குழிக்கு. உரிமட்டையைத் தென்னையைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் காக்கும் என்பது எங்கள் பாட்டன் காலத்துப் பழக்கம், அது இன்றும் விடவில்லை. காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் எங்கள் பெண்கள் குழுவான அயல்கூட்டம் வாங்கி வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரும் தட்டும்தான் போகின்றன. பேப்பர் கப் வைத்தால் பந்தியிலேயே கேள்வி கேட்கும் அளவுக்கு ஊர் மாறியிருக்கிறது.

ஆனால் எந்த மாதம் எந்தப் பொருளை எடுப்பார்கள் என்ற அட்டவணை மலையாளத்தில் மட்டுமே வருகிறது. ஒரு மாதம் கண்ணாடி, ஒரு மாதம் பழைய செருப்பும் பையும், இன்னொரு மாதம் கெட்டுப்போன மின்சாதனம் என்று முறை வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. மலையாளம் பேசினால் எங்களுக்கு நன்றாகவே புரியும். படிப்பதுதான் சிரமம், அதிலும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கும் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கும். எங்கள் ஊரில் ஒரு பாட்டி, உடைந்த டியூப் லைட்டைச் செய்தித்தாளில் சுற்றி பிளாஸ்டிக் சாக்குக்குள்ளேயே வைத்துவிட்டார். சாக்கைத் தூக்கிய சேனை அக்காவின் உள்ளங்கை கிழிந்தது. கண்ணாடியைத் தனியாக வைக்க வேண்டும் என்று எழுதிய தாள் அந்தப் பாட்டி வீட்டுக் கதவிலேயே ஒட்டியிருந்தது. ரேஷன் கடை நோட்டீஸ் என்று நினைத்திருக்கிறார். இதில் பாட்டியையும் குறை சொல்ல முடியாது, அந்த அக்காவின் வலியையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழில் கேட்பது சலுகை இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுதிப் பேசலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. ஒரு பகுதியில் மொழிச் சிறுபான்மையினர் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முக்கிய அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் வர வேண்டும் என்ற தேசிய அளவிலான ஏற்பாடும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எங்கள் ஊர்களில் தமிழ் பேசுவோர் அதைவிட எவ்வளவோ அதிகம். அட்டவணையில் மலையாளத்துக்குக் கீழேயே தமிழும், எழுத்தே தெரியாதவர்களுக்காகப் படமும் இருந்தால் போதும். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம். இங்குள்ள தமிழ் ஆசிரியர்கள் சம்பளம் வாங்காமல் எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டோம்.

அப்புறம், எங்கள் ஊரின் பெரிய குப்பை வீட்டிலிருந்து வருவது இல்லை. தோட்டத்திலிருந்து வருவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணை வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். கடைமடையில் இருக்கும் எங்கள் தோட்டங்களுக்கு அது போதிய அளவில் எட்டுவதில்லை. அதனால்தான் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு மாறினோம். அரசும் மானியம் கொடுத்து ஊக்கப்படுத்தியது, அதை நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் அந்தக் குழாய்க்கும் ஆயுள் உண்டு. எலியும் அணிலும் கடிக்கும், உப்புத் தண்ணீர் ஓட்டையை அடைக்கும், வெயிலில் வெடிக்கும். சில வருடம் கழித்துச் சுருட்டிப் போட்ட குழாய் மலை மாதிரி மோட்டார் ரூம் பக்கத்தில் கிடக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் இன்னும் மோசம். அது நூலை விட மெல்லியது, உரிக்கும்போது கிழிந்து பாதி மண்ணோடு போய்விடும். மீதியில் மண் ஒட்டியிருப்பதால் பழைய சாமான் வியாபாரி தொடமாட்டார்.

சேனை அக்காமாரிடம் கேட்டால், இது வீட்டுக் குப்பைக் கணக்கில் வராது என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி, ஒரு சாக்கோடு வருகிறவர்கள் ஒரு ஏக்கர் குழாயை எப்படித் தூக்க முடியும்? கடைசியில் என்ன நடக்கிறது என்றால், பொழுது சாய்ந்த பிறகு யாராவது தீ வைத்துவிடுகிறார்கள். கரும்புகை தாழ்வாகவே நிற்கும். மறுநாள் தென்னை ஓலையைத் தடவினால் விரலில் கரி ஒட்டும். பி.வி.சி. குழாயும் அதோடு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வெளியேறும். டையாக்சின் மண்ணிலும் பாலிலும் சேர்ந்து நெடுநாள் நிற்கக் கூடிய நஞ்சு. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் குப்பை எரிந்து நகரமே மூச்சுத் திணறியதை மொத்த மாநிலமும் பார்த்தது. எங்கள் தோட்டங்களில் அது சிறிது சிறிதாக, யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது.

பூச்சிமருந்து டப்பாக்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. வாய்க்காலோரத்தில் கிடக்கின்றன, சில வீடுகளில் அதைக் கழுவி மண்ணெண்ணெயோ விதையோ போட்டு வைக்கிறார்கள். காசர்கோட்டில் எண்டோசல்பான் பூச்சிமருந்து செய்த கொடுமையை அனுபவித்த மாநிலம் இது. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவை ஓட்டை போட்டு ஒப்படைக்க வேண்டும் என்று வேளாண் அலுவலர்கள் சொல்லித்தருகிறார்கள். எங்கே ஒப்படைப்பது என்பதற்குத்தான் இடம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பிளாஸ்டிக் உறையில் பொருளை விற்கும் நிறுவனங்களுக்கே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உண்டு என்கின்றன. உரச்சாக்கும் மருந்து டப்பாவும் அதில் அடங்கும். அந்தப் பொறுப்பை, வேளாண் அலுவலகமான கிருஷி பவன் மூலமாகவோ உரக்கடைகள் மூலமாகவோ தாங்கள் நடைமுறைக்குக் கொண்டுவர முடியும் என்று நம்புகிறோம்.

எங்களுக்கு வேண்டியது ஒரு கொட்டகை. வெயிலும் மழையும் படாத, பூட்டு போடக்கூடிய ஓர் இடம். வருடத்தில் அறுவடை முடிகிற காலத்தில் சில நாட்கள் திறந்து வைத்தால், குழாயையும் ஷீட்டையும் டிராக்டரில் நாங்களே கொண்டுவந்து இறக்குகிறோம். அங்கிருந்து, கழிவுகளைக் கையாளும் கேரள அரசு நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனி எடுத்துப் போக ஏற்பாடு செய்தால் போதும். ஷீட்டில் மண் இருக்கக் கூடாது என்றால் உதறி, வெயிலில் போட்டுத் தருகிறோம். மருந்து டப்பாவுக்கு மட்டும் தனி அறை வேண்டும், அதை மற்றதோடு கலக்கக் கூடாது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சில இரவுகளில் தார்ப்பாய் மூடிய லாரிகள் எங்கள் ஊர் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் போகின்றன. கடந்து போன பிறகும் நாற்றம் அடங்குவதில்லை. சில சமயம் எல்லையைத் தாண்டாமல் எங்கள் ஓடையிலேயே கொட்டிவிட்டும் போகிறார்கள். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து போன மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அதிகாரிகளே வந்து அள்ளிப் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் உறவுகள் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இரு பக்கமும் எங்கள் சனம்தான். ஒருவர் தோட்டத்துக் கிணறு கெட்டால் மற்றவருக்கும் அது இழப்பு. பெரிய செக்போஸ்டுகளில் மட்டும் பார்த்தால் போதாது. தோப்புகளுக்கு நடுவே எல்லை தாண்டும் சின்னச் சின்ன தார்ச் சாலைகளிலும் கேமராவும் இரவு ரோந்தும் வேண்டும். வண்டி எண்ணைக் குறித்துக் கொடுக்க எங்கள் இளைஞர்கள் தயார், ஆனால் தகவல் சொன்னவர் பெயர் வெளியே போகக் கூடாது.

மது பாட்டில்கள் பற்றியும் ஒரு வார்த்தை. வரப்பில் உடைத்துப் போட்ட பாட்டில், களை எடுக்கும் பெண்களின் காலைப் பதம் பார்க்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் நீலகிரியில் தொடங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் முறை பக்கத்துக் கோவை மாவட்டத்துக்கும் வந்தது. இங்கும் அப்படிக் காசு கிடைக்கும் என்றால் பாட்டில் வரப்பில் கிடக்காது.

சேனை அக்காமாருக்குத் தடிமனான கையுறையும் தள்ளுவண்டியும் உடனே தர வேண்டும். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை, தங்கள் ஓர் உத்தரவு போதும்.

ஆகவே, அடுத்த அட்டவணை அச்சாகும் முன் அதில் தமிழும் சேர உத்தரவிடவும், தோட்டத்து பிளாஸ்டிக்குக்கான கொட்டகையை வரும் கோடைக்குள் அமைக்கவும், கிருஷி பவன், பஞ்சாயத்து, கிளீன் கேரளா கம்பெனி மூன்றையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்து எங்களையும் அழைக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கொட்டகைக்கு இடம் தர ஒரு தோப்புக்காரர் முன்வந்திருக்கிறார். ரோட்டை ஒட்டிய இடம், லாரி திரும்ப வசதி உண்டு. தங்கள் அலுவலர் யாராவது வந்தால் அன்றே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அயல்கூட்டப் பெண்கள் மற்றும் விவசாயிகள்,
சித்தூர் தாலுகா கிழக்கு எல்லைக் கிராமங்கள்.

இணைப்பு: ஊர்மக்கள் கையெழுத்துத் தாள்கள், ஓடையில் கொட்டப்பட்ட குப்பையின் புகைப்படங்கள், தமிழில் எழுதிய மாதிரி அட்டவணை.