மெமரி கார்டு மாற்றித் தருகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கோத்தகிரி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நொடிக்கு 100 எம்பி என்று அச்சிட்ட கார்டை எங்களிடம் வாங்கி, அதை ராஸ்பெர்ரி பை 3 என்ற கையடக்கக் கணினி போர்டில் போட்டவர்களுக்காக இதை எழுதுகிறோம். வேகம் கூடவில்லையே என்று சிலர் வந்து கேட்டீர்கள். கடையில் வைத்து அளந்தோம், 22 எம்பிதான் வந்தது.

கார்டில் குறை இல்லை. பை 3 போர்டின் கார்டு பாதையே நொடிக்கு 25 எம்பிக்கு மேல் விடாது. பை 4-இல் அது 50, பை 5-இல் 104. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். எந்தப் போர்டுக்கு என்று விற்கும்போதே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது எங்கள் தவறு.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பறித்த தேயிலையை மூட்டையாக லாரியில் ஏற்றுவது வேறு, செடி செடியாகப் போய்க் கிள்ளுவது வேறு. அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது மூட்டை ஏற்றும் வேகம். போர்டு ஆன் ஆகும்போதும் தோட்டத்தின் வெப்பம், ஈரப்பதத்தைப் பதியும்போதும் நடப்பதோ கிள்ளும் வேலை. அங்கொன்றும் இங்கொன்றுமாக 4 கேபி துண்டுகள். அதற்கு கார்டில் போட்டிருக்கும் குறி ஏ1 (A1). நொடிக்குக் குறைந்தது 1500 துண்டு படிக்கும், 500 துண்டு எழுதும். 500 துண்டு என்றால் வெறும் 2 எம்பி! 25 எம்பி பாதையே அதற்குத் தாராளம். ஏ2 கார்டு இன்னும் வேகம்தான், ஆனால் போர்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். பை 3-க்கு ஏ1 போதும், காசை மிச்சப்படுத்துங்கள்.

உண்மையிலேயே வேகம் வேண்டுமென்றால், பை 4-இன் நீல நிற யூஎஸ்பி துளையில் ஒரு எஸ்எஸ்டி (சிப்பில் பதியும் வேகமான டிஸ்க்) மாட்டுங்கள். கார்டெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. பை 3-இல் இருப்பது பழைய யூஎஸ்பி 2, அதில் மாட்டிப் பெரிய பலன் இல்லை.

அப்புறம், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருக்கும் கார்டு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் கெட்டுப்போகலாம். அந்தப் பணத்தில் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குவதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

பை 3-க்கென்று 100 எம்பி கார்டு வாங்கியவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். ஏ1 கார்டு தந்து மீதிப் பணத்தைத் திருப்பித் தருகிறோம். போர்டையும் எடுத்து வந்தால் அங்கேயே அளந்து காட்டுகிறோம், கட்டணம் இல்லை. வருவதற்கு முன் கார்டில் உள்ள பதிவுகளை ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து